வாசல் தெளித்ததும் கோலம்

பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்கு நிற்க நேரமில்லாத வாழ்க்கை. வியாபாரம் ஒரு பக்கம், கவர்னர் டூப்ளே கூப்பிட்ட போதெல்லாம் போய் நிற்க வேண்டிய பொறுப்பு மறுபக்கம். ஆனாலும் 1736 செப்டம்பர் முதல் 1761 வரை, கால் நூற்றாண்டு, புதுச்சேரியில் அவர் நாட்குறிப்பு எழுதினார். கரைக்கு வந்த கப்பல், போர்ச் செய்தி, ஊர்ப் பேச்சு, மனக்குறை எல்லாம் அதில் இருக்கின்றன. இடையிடையே எழுதாத நாட்களும் உண்டு. விட்ட இடத்திலிருந்து மீண்டும் எழுதினார்.

படம் வரையவோ வீணையைத் தொடவோ நமக்கு மட்டும் ஏன் நேரம் அமைவதில்லை? விடை பழக்கத்தில் இருக்கலாம். பழக்கம் எப்படிப் படிகிறது என்று அறிய, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 தன்னார்வலர்களை 12 வாரம் கவனித்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் புதிய செயல் ஒன்றை, காலை உணவுக்குப் பின் என்பதுபோல, அன்றாடம் தவறாத ஒரு வேளையோடு சேர்த்துச் செய்தார்கள். அது தன்னியல்பான பழக்கமாகச் சராசரியாக 66 நாட்கள் ஆகும் என்று கணக்கிடப்பட்டது. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 முதல் 254 நாள் வரை வேறுபாடு. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது; உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. ஒரு நாள் தவறியதால் பழக்கம் பெரிதாகக் கெடவில்லை என்பதும் தெரிந்தது.

செயல் இப்படிப் பழக்கமாகப் படிவதற்குக் காரணம் மூளையில் இருக்கிறது. புதிய செயலைத் தொடங்கும்போது, செய்யலாமா வேண்டாமா என்று நெற்றிப் பக்கத்து மூளை தினமும் யோசிக்கிறது. களைத்த மாலையில் அந்த யோசனை பெரும்பாலும் தோற்றுப்போகும். ஒரே சூழலில் செயல் திரும்பத் திரும்ப நடந்தால், மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள நரம்பு முடிச்சுகள் பொறுப்பேற்கின்றன. சூழலே செயலை எழுப்பிவிடுகிறது.

இந்த நுட்பத்தை நம் வீட்டுப் பெண்கள் எப்போதோ கைக்கொண்டுவிட்டார்கள். புதுச்சேரியின் தமிழர் தெருக்களில் விடியற்காலை நடந்து பாருங்கள். பால் காய்ச்ச வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அதற்கு நடுவிலும் புள்ளி வைத்து இழை இழுக்கிறார்கள். வாசல் தெளித்த ஈரம் காய்வதற்குள் கோலம் விழுந்துவிடுகிறது. பெருக்குவதும் தெளிப்பதும் கடமை. அதன் வாலில் கட்டிய கலை கோலம்.

உங்கள் கலைக்கும் அப்படியொரு ஈர வாசல் வேண்டும். காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் பத்து நிமிடம் வரையுங்கள். விளக்கேற்றியதும் ஒரு பாட்டைச் சாதகம் செய்யுங்கள். நடுவே ஒரு நாள் விட்டுப்போனால் மனம் தளர வேண்டாம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலும் வெற்று நாட்கள் இருக்கின்றன; மறுபடி எழுத உட்கார்ந்ததால்தான் அன்றைய புதுச்சேரி நமக்குக் கிடைத்தது.