பச்சிளங் குழந்தையின் வயிறும் பால்பொடியும்

மனிதன் உண்ணும் உணவுகளுள் முதலாவது பால். அதனை அளிப்பவள் தாய். இவ்வியற்கை ஒழுங்கு யாதேனும் ஒரு காரணத்தால் தடைப்படுங்கால், குழந்தைக்கு எதனை ஊட்டுவது என்னும் கேள்வி எழுகின்றது. தாய்ப்பாலுக்கு மாற்றாகச் செய்யப்பட்ட பால்பொடிகள் இக்காலத்தில் மருந்துக் கடைதோறும் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றைக் குடித்த குழந்தை கக்கினாலும், வயிறு உப்பி அழுதாலும், "இது ஒத்துக்கொள்ளவில்லை" என்று வேறொரு டப்பாவை வாங்குதல் பலர்க்கு வழக்கமாயிற்று. கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில், டப்பாவின்மேல் ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துச் சொல்லுமாறு அதனைக் கல்லூரிப் பிள்ளையின் கையிலேயே கொடுப்பர். ஆதலின் இப்பொருளைப் பற்றி நாம் சிறிதேனும் அறிந்திருத்தல் கடமையாம்.

தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகள் நம் பகுதியில் யாவர் என்பதை முதற்கண் நோக்குவோம். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், போடி முதலிய ஊர்களினின்று பெண்கள் பலர் வைகறையில் ஜீப்புகளில் ஏறிக் குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாக இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்கின்றனர், மாலையிலேயே திரும்புகின்றனர். அவ்வளவு நேரமும் கைக்குழந்தை பாட்டியிடத்தோ அக்காளிடத்தோ இருக்கும். இஃதன்றித் தாயை இழந்த குழந்தைகளும், குறைமாதத்திற் பிறந்தனவும் உண்டு. பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992-ஆம் ஆண்டில் சேலத்தில் தொடங்கி, 2001-இல் தேனி, மதுரை, திண்டுக்கல், தருமபுரி ஆகிய மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டத்தின்வழி அரசின் கைக்கு வந்த சிசுக்களை எண்ணுக. அவற்றுக்குத் தாயின் மடி ஏது? இத்தகையோர்க்குப் பால்பொடி உயிர்காக்கும் உணவே. எனவே அதனை முற்றிலும் பழித்தலும் தவறு. தேவையின்றி நாடுதலும் தவறு.

பசுவின் பாலையே நேராக ஊட்டினால் என்னை என்று சிலர் வினவுவர். நூறு மில்லி தாய்ப்பாலில் புரதம் ஏறத்தாழ 1 கிராம். பசும்பாலிலோ 3 கிராமுக்கு மேல். எருமைப்பாலில் அதனினும் மிகுதி. பசும்பாலின் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின் என்னும் வகையைச் சேர்ந்தது. அது இரைப்பையிற் கெட்டியான கட்டியாக உறையும். தாய்ப்பாலில் எளிதிற் செரிக்கும் மோர்ப்புரதமே மிகுதி. பாற்சர்க்கரையோ தாய்ப்பாலில் 7 கிராம் அளவும், பசும்பாலில் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவும் உள்ளது. பசும்பாலிலே தண்ணீர் கலந்தால் புரதம் குறையும். ஆயின் அதனுடன் சத்தும் குறைந்துபோம். ஆட்டுப்பால் இலேசானது என்பர். அதன் புரதம் பசும்பாலின் புரதத்தை ஒத்ததாதலின் ஒவ்வாமையை நீக்காது. போலிக் அமிலம் மிகக் குறைவாதலின் இரத்தச் சோகையை விளைக்கும். தெருவிற் கறந்து சங்கில் ஊற்றும் கழுதைப்பால் தாய்ப்பாலைப் பலவாற்றான் ஒத்திருப்பினும் கொழுப்பு மிகக் குறைந்தது. காய்ச்சாமற் குடிப்பதால் நோய்க்கு வழியாகும். ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு இவை எவையும் தக்கன அல்ல.

இவ்வேற்றுமையைச் சரிசெய்யவே பால்பொடி தோன்றிற்று. 1867-இல் சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே என்பார் பால், கோதுமை மாவு, சர்க்கரை மூன்றும் சேர்ந்த உணவொன்றை விற்கத் தொடங்கினார். நம் நாட்டிலே எருமைப்பாலைப் பொடியாக்கும் முயற்சி 1955-இல் ஆனந்தில் நிறைவேறியது. அப்பாலினின்று குழந்தை உணவு செய்யும் முறையை மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் கண்டனர். நன்மையோடு தீமையும் வந்தது. இனிப்பூட்டிய டப்பாப்பாலைக் குழந்தை உணவென விளம்பரம் செய்தமையால் மாண்ட சிசுக்களைக் கண்டு மனம் நொந்த சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவ அம்மையார், 1939-இல் சிங்கப்பூரில் "பாலும் கொலையும்" என்னும் தலைப்பில் அஞ்சாது சொற்பொழிவாற்றினார்.

இனி வயிற்றின் குறைகளுக்கு வருவோம். நம் முன்னோர் மாந்தம் என்றும், உரம் விழுந்தது என்றும், தொக்கம் என்றும் இவற்றுக்குப் பெயரிட்டனர். வசம்பும் கடுக்காயும் உரைத்து ஊட்டுதலும், தொக்கம் எடுத்தலும் இன்றும் சில ஊர்களில் நடைபெறுகின்றன. மூச்சடைப்பும் தொற்றும் நேரக்கூடுமாதலின் இவற்றை விடுதலே நன்று. உண்மையில் இக்குறைகளிற் பெரும்பாலன நோயே அல்ல. பால் குடித்தபின் சிறிது எதுக்களித்தல், இரைப்பையின் வாயிலிலுள்ள தசை முதிராமையால் நிகழ்வது. ஓராண்டு நிறைவதற்குள் பெரும்பாலும் தானே நின்றுவிடும். மாலைப்பொழுதில் காரணமின்றி வீறிட்டழுதல் ஆறாம் வாரத்தில் மிகுந்து, மூன்று நான்கு மாதங்களில் அடங்கும். இந்நாட்களில் ஒரு வீட்டார் நான்கு டப்பாக்களை மாற்றி, நான்காவதைக் குடிக்குங்கால் அழுகை நின்றால், புகழ் அந்நான்காம் டப்பாவுக்குச் செல்லும்; உண்மையிற் குழந்தை வளர்ந்தது, அவ்வளவே. குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழித்து, முதன்மாதங்களில் நாடோறும் 25 கிராம் அளவில் எடை கூடி, விழித்த நேரத்தில் முகமலர்ச்சியோடு இருக்குமாயின், கக்குதலும் அழுதலும் பற்றி அஞ்ச வேண்டுவதில்லை.

டப்பாவைக் குறை கூறுமுன் பால் கலக்கும் முறையை ஆராய்தல் வேண்டும். விலை மிகுதியாதலின் பொடியைக் குறைத்துத் தண்ணீரைப் பெருக்குவோர் உளர். அவர்தம் குழந்தை நிறையக் குடித்தும் மெலியும். கொழுக்க வேண்டுமென்று பொடியை மிகுப்போர் உளர். அக்குழந்தைக்கு மலச்சிக்கலும் தாகமும் உண்டாம். டப்பாவுக்குள் இருக்கும் கரண்டியினால், தலைதட்டி அளந்து, அதிற் குறித்த அளவு தண்ணீரிற் கலத்தலே முறை. பெரும்பாலான டப்பாக்களில் ஒரு கரண்டிக்கு 30 மில்லி என்றிருக்கும். பெரியாற்று நீராயினும் குழாய் நீராயினும் கொதிக்கவைத்து, அரைமணி நேரத்திற்குள், அதாவது 70 பாகைக்குக் கீழே ஆறுமுன் பொடியை இடுதல் வேண்டும். பொடியிலேயே தங்கியிருக்கக்கூடிய கிருமியை அவ்வெப்பமே அழிக்கும். பின்னர் ஆறவைத்துப் புகட்டி, இரண்டு மணி நேரத்திற்குள் குடியாது எஞ்சியதைக் கொட்டிவிடுக. வெந்நீர்க் குடுவையில் ஊற்றிப் பகல் முழுதும் வைத்தலாகாது. புட்டியின் இரப்பரில் அழுக்குத் தங்குதல் எளிது. நம் வீடுகளில் தொன்றுதொட்டுள்ள பாலாடை கழுவுதற்கும் கொதிநீரில் இடுதற்கும் எளியது. குழந்தையை நிமிர்த்திப் பிடித்து மெல்லப் புகட்டி, தோளிற் சார்த்தி ஏப்பம் விடச் செய்தால், "ஒத்துக்கொள்ளாத" பாலும் பலகால் ஒத்துக்கொள்ளும்.

இவையெல்லாம் செய்தும் தீராத குறைகள் சில உள. அவற்றை வகுத்துக் கூறுவோம். முதலாவது, பசும்பாலின் புரதம் ஒவ்வாமை. இது மேனாட்டுக் கணக்கின்படி நூற்றுக்கு மூன்று குழந்தைகளுக்கு மேற்படாது. மலத்தில் இரத்தமும் சளியும், தோலில் தடிப்பும், எடை கூடாமையும் இதன் குறிகள். இதற்குப் புரதத்தை மிகச் சிறு கூறுகளாக முன்னரே உடைத்துச் செய்த பொடியும், நோய் கடுமையாயின் அமினோ அமிலங்களாலேயே ஆய பொடியும் மருத்துவரால் விதிக்கப்படும். அரைகுறையாகப் புரதம் உடைத்த பொடி இதற்குப் பயன்படாது. சோயாப் பொடியை ஆறு மாதத்திற்குமுன் இந்நோய்க்குக் கொடுப்பது பெரும்பாலும் வழக்கமன்று. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இவ்வொவ்வாமை நேரின், மருத்துவர் சொற்படி தாய் பாலும் தயிரும் விடுவதே வழி. தாய்ப்பாலை நிறுத்துதல் வழியன்று.

இரண்டாவது, பாற்சர்க்கரை செரியாமை. பிறவியிலேயே இக்குறையுடைய குழந்தை மிக அரிது; தாய்ப்பாலிலேயே அச்சர்க்கரை மிகுந்திருத்தலை மேலே கண்டோம். கடுங்கழிச்சலுக்குப்பின் குடலின் உட்பரப்பு புண்பட்டிருக்கும் சில வாரங்களில் மட்டும் பாற்சர்க்கரை நீக்கிய பொடி தேவைப்படலாம். குடல் ஆறியபின் பழைய பாலே போதும். மூன்றாவது, மிகுதியாகக் கக்கி எடை குறைதல். இதற்குக் கெட்டிப்படுத்திய பொடி உண்டு. "வாயுவைக் குறைக்கும்", "வயிற்றுக்கு இதமானது" என்னும் மொழிகளோடு விற்கப்படுவன அழுகையைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்றில்லை. பச்சை நிறமாகக் கக்குதல், மலத்தில் இரத்தம், காய்ச்சல், உச்சிக்குழி உள்வாங்குதல், எழுப்பியும் எழாத மயக்கம் ஆகிய இவற்றுள் ஒன்று காணினும் கடைக்குச் செல்லற்க, மருத்துவமனைக்கே செல்லுக.

டப்பாவை வாசிக்கும் மாணவர் அறியவேண்டிய சட்டமும் ஒன்று உண்டு. உலக நலவாழ்வு நிறுவனத்தார் 1981-இல் வகுத்த நெறியைத் தழுவி, இந்தியாவில் 1992-இல் இயற்றப்பெற்று 2003-இல் திருத்தப்பெற்ற சட்டம், பால்பொடிக்கு விளம்பரம் செய்தலை விலக்கியது. டப்பாவில் குழந்தையின் படமோ பெண்ணின் படமோ இருத்தலாகாது. தாய்ப்பாலே சிறந்தது என்னும் வாசகமும், நலப்பணியாளரின் அறிவுரைப்படியே பயன்படுத்துக என்னும் எச்சரிக்கையும் இருத்தல் வேண்டும். 1 என்னும் எண் பிறந்தது முதல் ஆறு மாதம் வரைக்கும், 2 என்பது அதன் பின்னைக்கும் உரியது. விலை மிகுந்தது சிறந்தது என்பதற்கில்லை. அடிப்படைச் சத்துக்களின் அளவு எல்லாப் பொடிக்கும் விதியினால் வரையறுக்கப்பட்டதே.

ஆயின் தோட்டத்திற்குச் செல்லும் தாய் என் செய்வாள்? புறப்படுமுன் தூய கிண்ணத்திற் பீய்ச்சி வைத்த பால் அறையின் வெப்பத்தில் நான்கு மணி நேரம் கெடாது; குளிர்ப்பெட்டியிருப்பின் நான்கு நாள் வரை நிற்கும். அதனைப் பாட்டி பாலாடையாற் புகட்டலாம். மாலையிலும் இரவிலும் தாய் அணைத்துப் பாலூட்டினால் சுரப்பு வற்றாது. பால்பொடியின் தேவையும் குறையும். குறைமாதக் குழந்தைகளுக்கென மும்பையின் சயான் மருத்துவமனையில் 1989-இல் தோன்றிய தாய்ப்பால் வங்கி முறை, 2015-இல் தமிழ்நாட்டரசால் சில அரசு மருத்துவமனைகளில் தொடங்கப்பெற்றபோது, தேனியும் அவற்றுள் ஒன்றாயிற்று. ஒரு தாயின் மிகுதி மற்றொரு தாயின் குழந்தையைக் காப்பது மகிழத்தக்கதன்றோ?

ஆகவே மெல்லிய வயிற்றுக்கு ஏற்ற பொடி எது என்று கேட்பார்க்கு நாம் விடையாகக் கூறத்தக்கது இதுவே: முதலில் தாய்ப்பால் தொடர வழியுண்டோ என்று காண்க, இல்லையாயின், வயதிற்குரிய எளிய பொடி ஒன்றை மருத்துவர் சொற்படி தெரிந்து, அளந்து, தூய்மையோடு கலந்து, சின்னாள் பொறுத்துப் பார்க்க, நோய்க்குறி காணின் மட்டும் மருத்துவர் விதிக்கும் தனிப்பொடியை நாடுக. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவன், டப்பாவை நீட்டும் பாட்டிக்கு அதன் பெயரை மட்டும் வாசித்துக் காட்டாது, கரண்டியளவையும் கொதிநீரின் முறையையும் தமிழிலே பொறுமையோடு விளக்கிக் கூறுவானாயின், அவன் கற்ற கல்வி ஓர் உயிருக்கேனும் பயன்பட்டதாகும்.