உண்ணல் கோளாறுகளுக்கான அறிதிறன் நடத்தைச் சிகிச்சை

உண்ணல் கோளாறுகளுக்கான அறிதிறன் நடத்தைச் சிகிச்சை என்பது, உணவு, உடல் எடை, உடல்வாகு ஆகியவை பற்றிய எண்ணங்களையும் அவற்றால் எழும் பழக்கங்களையும் பேச்சு, பயிற்சி ஆகியவற்றின் வழியாக மாற்றும் உளவியல் மருத்துவ முறையாகும். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக், மனச்சோர்வுக்காக வகுத்த முறையிலிருந்து இது வளர்ந்தது. மிகையாக உண்டு பின் வாந்தி எடுக்கும் புலிமியா நெர்வோசா நோயை 1979இல் ஜெரால்டு ரசல் விவரித்தார். அதற்கான சிகிச்சை முறையை ஆக்சுபோர்டைச் சேர்ந்த கிறிசுடோபர் ஃபேர்பர்ன் 1981இல் வெளியிட்டார்.

கோளாறு நீடிப்பது எப்படி

நோயாளி முதலில் கடுமையான விதிகளை வகுத்துக்கொள்கிறார்: சோறு தொடக்கூடாது, இரவில் உண்ணக்கூடாது என்பன போன்றவை. பட்டினியால் மனம் முழுவதும் உணவையே சுற்றுகிறது. ஒரு நாள் விதி உடைகிறது. அன்று கட்டுப்பாடின்றி உண்கிறார். குற்ற உணர்வில் வாந்தி எடுக்கிறார். மறுநாள் விதியை இன்னும் இறுக்குகிறார். அதுவே அடுத்த மிகையுணவுக்கு வழி செய்கிறது. எனவே இது மனவுறுதிக் குறைவால் வருவதன்று. பட்டினியே இச்சுழலை ஓட்டுகிறது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் நலமான 36 ஆண்களைக் குறையுணவில் வைத்து ஆராய்ந்தபோது, அவர்களும் நாள் முழுதும் உணவையே நினைத்தனர். சிலர் பின்னர் கட்டுப்பாடின்றி உண்டனர்.

சிகிச்சையின் படிகள்

வழக்கமாக 20 வாரங்களில் 20 அமர்வுகள் நடைபெறும். எடை மிகக் குறைந்தவர்களுக்கு 40 அமர்வுகள் வரை ஆகலாம்.

1. குறிப்பேடு: எப்போது, எங்கே, என்ன உண்டார், அப்போது என்ன நினைத்தார் என்று உடனுக்குடன் எழுதுதல். கலோரி கணக்கு எழுதுவதில்லை.
2. ஒழுங்கான உணவு: மூன்று வேளை உணவும் இரண்டு சிற்றுணவும். இடைவெளி நான்கு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது.
3. எடை பார்த்தல்: வாரம் ஒரு முறை, சிகிச்சையாளருடன் மட்டும்.
4. அச்சத்தைச் சோதித்தல்: 'மதியம் சோறு உண்டால் எடை கூடிவிடும்' என்ற எண்ணத்தைச் சில வாரங்கள் உண்டு பார்த்தே சரிபார்த்தல்.
5. மீண்டும் வராமல் காக்கத் திட்டமிடுதல்.

பயனும் எல்லையும்

புலிமியாவுக்கும் மிகையுண்ணல் கோளாறுக்கும் இம்முறைக்கு வலுவான சான்று உண்டு. டென்மார்க்கில் 70 புலிமியா நோயாளிகளிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், ஐந்து மாதங்களில் இச்சிகிச்சை பெற்றவர்களில் 42 விழுக்காட்டினர் மிகையுண்ணலையும் வாந்தி போன்றவற்றையும் நிறுத்தியிருந்தனர். உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை பெற்றவர்களில் 6 விழுக்காட்டினரே நிறுத்தியிருந்தனர். உடலை வருத்தி மெலியும் அனோரெக்சியாவில் பலன் இதைவிடக் குறைவு. வளரிளம் பருவத்தினருக்குப் பெற்றோரை முன்னிறுத்தும் குடும்பச் சிகிச்சையே பொதுவாக முதலில் பரிந்துரைக்கப்படுகிறது.

தமிழ்நாட்டுச் சூழல்

இது மேல்நாட்டு நோய் என்ற கருத்து சரியன்று. 1990களில் சென்னை மனநல மருத்துவர்கள் 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்தபோது, 31 பேரிடம் முழு நோயின் அளவை எட்டாத உண்ணல் துன்பம் இருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவர், வளரிளம் பருவத்தினரிடம் உளம்சார் வாந்தியே மிகுதியாகக் காணப்பட்டது. ஆசிய நோயாளிகள் பலர் 'குண்டாகிவிடுவேன்' என்று சொல்வதில்லை. 'வயிறு உப்புகிறது', 'சாப்பாடு இறங்கவில்லை' என்றே சொல்கின்றனர். அதனால் வயிற்று மருந்தோடு காலம் கழிந்துவிடுகிறது. இத்தகையோரிடம் எடை அச்சத்தைத் தேடுவதைவிட, உண்ணும் ஒழுங்கை மீட்பதிலிருந்து சிகிச்சையைத் தொடங்குவது பொருந்தும்.

ஒரத்தநாடு போன்ற காவிரிப் படுகை ஊர்களில், மூன்று வேளையும் நெல்லைச் சார்ந்தே அமைகிறது. அங்கு சோற்றை மறுப்பது வீட்டில் சண்டையாகிறது. தட்டில் எவ்வளவு விழும் என்பதைப் பரிமாறுபவரே பெரும்பாலும் தீர்மானிக்கிறார். ஆகவே, தாயையோ பாட்டியையோ ஓர் அமர்வுக்காவது அழைப்பது நல்லது. 'ஒல்லிக்குச்சி', 'குண்டு' என்ற கேலியை வீட்டார் நிறுத்த வேண்டும். உண்ணும்போது கண்காணிப்பதும் அதட்டுவதும் கூடாது. குறிப்பேட்டில் 'இரண்டு இட்லி', 'ஒரு கரண்டி சோறு', 'மாலையில் சுண்டல்' என்று எழுதினால் போதும்.

சஷ்டி, அமாவாசை, ரம்சான், தவக்கால நோன்புகள் நோயல்ல. நோன்பு முடிந்தபின் இயல்பாக உண்ண முடிகிறதா என்பதே கேள்வி. சிகிச்சைக் காலத்தில் நோன்பை ஒத்திவைப்பது பாதுகாப்பானது.

எப்போது உடனே மருத்துவமனை

மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, வேகமான எடைக்குறைவு, மாதவிடாய் நின்றுபோதல், அடிக்கடி வாந்தி ஆகியவை இருந்தால் பேச்சுச் சிகிச்சை மட்டும் போதாது. தொடர் வாந்தியால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு பாதிக்கப்படலாம். நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென நிறைய உணவூட்டுவதும் ஆபத்தானது. மருத்துவக் கண்காணிப்பில் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும்.

ஒரத்தநாட்டு வட்டாரத்தினர் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மனாஸ்' சேவையின் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். 'சாப்பாடு இறங்கவில்லை' என்று சொல்வதே பேச்சைத் தொடங்கப் போதுமானது.