சுகர் என்று சொல்லிவிட்டார்கள்... எந்தச் சுகர்?

சந்தேகங்களும் விளக்கங்களும்

நாற்பது வயதில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரியவந்தால் இப்போது வீட்டில் யாரும் பதறுவதில்லை. "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்கிறார்கள். டாக்டரின் அறையிலும் ஐந்து நிமிடத்தில் மாத்திரைச் சீட்டு கைக்கு வந்துவிடுகிறது. நோய் உண்மையிலேயே இருக்கிறதா, இருந்தால் எந்த வகை என்ற இரண்டு கேள்விகளும் அந்த அவசரத்தில் விடுபட்டுப்போகின்றன. இரண்டாவது கேள்வி விடுபட்டால் சிலருக்கு உயிருக்கே ஆபத்து.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து விரலில் குத்திப் பார்த்தார்கள். 214 காட்டியது. எனக்குச் சர்க்கரை நோய்தானா?

இருக்கலாம், இன்னும் உறுதியாகவில்லை. குளுக்கோமீட்டர் தினசரி அளவைக் கவனிப்பதற்கான கருவி. நல்ல கருவியிலேயே 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ காட்டலாம். வாழைப்பழம் உரித்த கையைக் கழுவாமல் நீட்டினாலே எண் ஏறிவிடும். நோயை உறுதி செய்ய நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் பார்க்க வேண்டும். 8 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் எடுத்த ரத்தத்தில் 126 அல்லது அதற்கு மேல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல், மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்பவைதான் அளவுகோல்கள்.

தாகம், அடிக்கடி சிறுநீர், எடை இறங்குவது போன்ற அறிகுறிகள் தெளிவாக இருந்தால், எந்த நேரத்தில் எடுத்த லேப் ரத்தத்திலும் 200-ஐத் தொட்டாலே போதும். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு செய்யக் கூடாது. இரண்டு வெவ்வேறு சோதனைகள் ஒத்துப்போக வேண்டும், அல்லது அதே சோதனையை இன்னொரு நாள் செய்து பார்க்க வேண்டும். கடும் காய்ச்சலும் ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ எடுத்த ஸ்டீராய்டும் சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

டெஸ்டுக்கு முன் மூன்று நாள் சோறு, இனிப்பு எல்லாவற்றையும் நிறுத்தினேன். ரிசல்ட் நன்றாக வந்தது. நிம்மதியாக இருக்கலாமா?

வேண்டாம். பாஸ் மார்க் வாங்குவதற்கான பரீட்சை இல்லை இது. குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனைக்கு முந்தைய மூன்று நாளும் தினமும் 150 கிராமாவது மாவுச்சத்து உணவில் இருக்க வேண்டும் என்பதே முறை. வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

ரத்தம் எடுக்கும்போது குழாயின் மூடியையும் ஒரு பார்வை பாருங்கள். சர்க்கரைக்கு எடுக்கும் குழாயின் மூடி பெரும்பாலும் சாம்பல் நிறத்தில் இருக்கும். உள்ளே ஃப்ளோரைடு போட்டிருப்பார்கள். அது இல்லாத குழாயில் எடுத்து அப்படியே வைத்துவிட்டால், ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். 130 இருந்தவருக்கு இரண்டு மணி நேரத்தில் 115 என்று வந்துவிடும். காலையில் முகாமில் எடுத்த ரத்தம் மத்தியானம்தான் லேபுக்குப் போகிறது என்றால் அந்த 'நார்மல்' ரிப்போர்ட்டை நான் நம்ப மாட்டேன்.

வெறும் வயிற்றில் 104, எச்பிஏ1சி 6.7. எதை நம்புவது?

முதலில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவால் சோகை இருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். நம் பெண்களில் எத்தனை பேருக்குச் சோகை இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும், சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய் உள்ளவர்களுக்கும் குறைத்துக் காட்டலாம். இப்படி இரண்டும் முரண்பட்டால் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனையே குழப்பத்தைத் தீர்க்கும். வெறும் வயிற்றில் 104 என்பதும் முழு நார்மல் இல்லை. 100-ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும்.

எனக்கு 42 வயது, ஒல்லியான உடம்பு. டைப் 2 என்றார்கள். ஒரு மாத்திரை மூன்றானது. சுகரும் இறங்கவில்லை, எடையும் குறைகிறது. வாயைக் கட்டவில்லை என்று திட்டுகிறார்கள்.

உங்கள்மீது குற்றம் சொல்வதற்கு முன் நோயின் வகையைத்தான் மறுபடி பார்த்திருக்க வேண்டும். டைப் 1 குழந்தைகளுக்கு மட்டும் வருவது என்ற எண்ணம் தவறு. முப்பதிலும் ஐம்பதிலும் வருகிறது. உடலின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பதால் வருவது அது. பெரியவர்களில் சிலருக்கு இந்த அழிவு மெதுவாக நடக்கும். முதல் சில மாதங்கள், சிலருக்கு வருடங்கள்கூட, மாத்திரை வேலை செய்வதுபோலத் தெரியும். இதை லாடா என்கிறார்கள்.

பின்னாளில் பிரிட்டன் பிரதமரான தெரசா மேக்கு 2012-ல், 56 வயதில், நோய் தெரிந்தபோது டைப் 2 என்றே மாத்திரை கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. மறுபடி சோதித்துத்தான் டைப் 1 என்று கண்டு இன்சுலினுக்கு மாற்றினார்கள்.

எதிர்ப்பு சக்தி அந்தச் செல்களைத் தாக்குகிறதா என்று பார்க்கும் ஜிஏடி ஆன்டிபாடி சோதனை செய்ய வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கூடவே சி-பெப்டைட், கணையம் இன்னும் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பதை அது காட்டும். இரண்டுக்கும் வரம்பு உண்டு. ஆன்டிபாடி இல்லை என்று வந்தாலும் டைப் 1 இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நோயின் தொடக்கத்தில் டைப் 1 உள்ளவருக்கும் சி-பெப்டைட் ஓரளவு இருக்கலாம். அதனால் ரிப்போர்ட்டோடு ஆளையும் பார்த்துச் சொல்லும் சர்க்கரை நோய் நிபுணர் அவசியம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் மாத்திரைகளில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். டைப் 2-க்கு நல்ல மருந்துகள்தான். இன்சுலினே சுரக்காத உடம்பில் அவை கீட்டோன் என்ற அமிலத்தை ரத்தத்தில் சேர வைக்கும். அப்போது சுகர் பெரிதாக ஏறாமலும் இருக்கலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்றால் அது அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டிய நேரம். மீட்டரில் 180தான் இருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

தாத்தா, அப்பா, நான் என்று எல்லோருக்கும் 25 வயதுக்குள் வந்துவிட்டது. யாருமே குண்டு இல்லை. இதுவும் டைப் 2 தானா?

ஒற்றை மரபணுக் கோளாறால் வரும் எம்ஓடிஒய் வகையாக இருக்கலாம். மரபணுச் சோதனையில்தான் உறுதியாகும். டைப் 1 என்று தவறாக எண்ணி வருடக்கணக்கில் ஊசி போட்டவர்கள், எம்ஓடிஒய்யின் சில உட்பிரிவுகளில் ஒன்று என்று தெரிந்தபின் சல்ஃபோனைல்யூரியா மாத்திரைக்கு மாறியது உண்டு. ஜிசிகே மரபணு மாறுபாடு உள்ளவர்களுக்குக் கர்ப்ப காலம் தவிர, பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. சரியான பெயர் தெரிந்தால் வாழ்க்கை எவ்வளவு மாறும் பாருங்கள்.

அடிக்கடி மேல் வயிற்றில் வலி வந்து முதுகுக்குப் போகும். சர்க்கரைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. கணையம் புண்ணாகியோ கல் சேர்ந்தோ கெட்டுப்போனாலும் சர்க்கரை நோய் வரும். கணையக் கல்லால் வரும் வகை கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நெடுநாளாகவே அறியப்பட்டது. மலத்தில் எண்ணெய் மிதப்பதும் ஓர் அடையாளம். ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாகச் சர்க்கரை வந்து, காரணமில்லாமல் எடையும் மளமளவென்று குறைந்தால் கணையப் புற்றுநோய் இல்லை என்பதை ஸ்கேன் எடுத்து உறுதி செய்துகொள்வது நல்லது.

இத்தனை சோதனையும் எல்லோருக்கும் வேண்டுமா?

வேண்டாம். வயிற்றில் சதை போட்ட, பெற்றோருக்கும் சர்க்கரை உள்ள ஐம்பது வயதுக்காரருக்குப் பெரும்பாலும் டைப் 2 தான். அவர் ஆன்டிபாடிக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. ஒல்லியானவர்கள், 35 வயதுக்குள் நோய் வந்தவர்கள், எடை வேகமாக இறங்குபவர்கள், தைராய்டு போன்ற எதிர்ப்பு சக்திக் கோளாறு தனக்கோ குடும்பத்திலோ உள்ளவர்கள் கேட்டே ஆக வேண்டும். வகை தெரியும்வரை நீங்களாக மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தாதீர்கள். நோய் தெரிந்த நாளின் முதல் லேப் ரிப்போர்ட்டையும், அப்போது எத்தனை கிலோ இருந்தீர்கள் என்ற குறிப்பையும் கையோடு எடுத்துப் போங்கள். புதிய டாக்டர் முதலில் கேட்பது அவைதான்.