மணி பிளாண்ட் என்னும் பூவாக் கொடி

கண்ணாடிக் குப்பியில் நீரை ஊற்றி, ஒரு கொடித்துண்டைச் செருகி மேசைமேல் வைத்துவிட்டால், அது தானே வளர்ந்து சன்னல் கம்பியைப் பற்றிக்கொள்ளும். சிங்கப்பூர், மலேசிய அடுக்குமாடி வீடுகளில் நன்கு பழகிப்போன கொடி இது. 'மணி பிளாண்ட்' வீட்டிற்குச் செல்வத்தைக் கொணரும் என்பாரும் உளர். அஃது எவ்வாறாயினும், கவனமின்றி வளர்த்தால் காய்ச்சலைக் கொணரக்கூடும்.

இதன் தாயகம் பசிபிக் பெருங்கடலில் தாஹித்திக்கு அருகேயுள்ள மூரியா என்னும் சிறு தீவாகும். 1880-இல் தாவர நூலார் இதற்குப் பெயரிட்டனர். பூவைக் கொண்டே செடியின் இனத்தைத் துணிவது அவர்தம் மரபு. இக்கொடி பூப்பதோ மிக மிக அரிது. ஆகவே இனம் மாற்றி இனம் வைத்து, 1964-இல்தான் எபிப்ரெம்னம் ஆரியம் என்ற பெயருக்கு வந்து சேர்ந்தனர். பூத்தலைத் தூண்டும் ஜிபரெலின் என்னும் பொருளை ஆக்கவேண்டிய மரபணு இதில் சரிவர இயங்குவதில்லை என 2016-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. பூவில்லையேல் விதையில்லை. நம் வீட்டுக் கொடியும் எங்கோ ஒருவர் வெட்டிக் கொடுத்த துண்டின் வழி வந்ததே.

வெட்டுவதிலும் ஒரு முறை உண்டு. இலைக்காம்பு தண்டோடு சேரும் கணுவில்தான் வேர் பிறக்கும். கணுவிற்குச் சற்றுக் கீழே வெட்டிச் செருகுக. கணுவற்ற தனி இலை வேர்விட்டாலும் கொடியாக வளராது.

இலையிலுள்ள மஞ்சள் திட்டுகளில் பச்சையம் குறைவு. இருண்ட மூலையில் வைத்தால், கிடைக்கும் சிறு ஒளியையும் வீணாக்காதிருக்கப் புதிய இலைகள் முழுப்பச்சையாகவே வெளிவரும். உச்சி வெயிலோ இலையைக் கருக்கிவிடும். சன்னலருகே வெயில் நேரே படாத இடமே தக்கது. தொட்டியில் நட்டிருந்தால், மேல்மண் காய்ந்த பின்னரே நீர் விடுக. வாடி மடிவதைவிட, ஓயாது நீர் ஊற்றப்பெற்று வேர் அழுகி மடியும் கொடிகளே மிகுதி.

தொங்கவிட்டால் இலை சிறுத்தே நிற்கும். மரத்தில் ஏறவிட்டால் அதே கொடி முழ நீளத்திற்கும் மேலான இலைகளை விரித்து, ஓரங்களும் கிழிந்து, வேறொரு செடிபோல் மாறிவிடும்.

இனிக் குப்பி நீருக்கு வருவோம். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த நீரையே நாடுவது. நம் வெப்பத்தில் முட்டை கொசுவாகப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் போதும். எனவே ஒன்றுவிட்டு ஒருநாள் நீரை மாற்றவேண்டும். மாற்றினால் மட்டும் தீராது. முட்டைகள் நீர்மட்டத்திற்கு மேலே குப்பியின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, வேரையும் அலசுதல் இன்றியமையாதது. அத்தனை பொழுது இல்லாதவர் கொடியை மண்ணுக்கு மாற்றுவதே நன்று. தொட்டியின் அடித்தட்டிலும் நீர் தேங்கலாகாது.

இது சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. பச்சைச் சேப்பங்கிழங்கு நாவை அரிக்கச் செய்யும் அதே ஊசிமுனைப் படிகங்கள் இதன் இலையிலும் உள. தவழும் குழந்தையோ பூனையோ கடித்தால் வாய் எரிந்து வீங்கும். ஆதலின் கைக்கெட்டா உயரத்தில் தொங்கவிடுக.

கத்தரித்த துண்டுகளைப் புதரோரம் வீசுவோர் உண்டு. ஒரு கணு ஈரமண்ணில் பட்டாலும் வேர்விட்டு மரமேறிவிடும். அவற்றைக் கட்டிக் குப்பையில் இடுக.