எந்தக் கட்டு சிறந்த கட்டு?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைக் கணிதம்)

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்து மழை இரவொன்றில் எங்கள் விடுதிக் காப்பாளர் அறைக்குள் நுழைந்தபோது நாங்கள் நால்வர் தரையில் அமர்ந்திருந்தோம். நடுவில் சீட்டுகள் பரப்பிக் கிடந்தன. அவை கடையில் வாங்கியவை அல்ல. பழைய திருமண அழைப்பிதழ்களை அளவாக வெட்டி, பேனாவால் எழுதி, நாங்களே செய்து கொண்டவை.

"காசு வைத்தா ஆடுகிறீர்கள்?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா. இது சூதாட்டம் இல்லை. இதில் கணக்கு இருக்கிறது" என்றேன்.

அவர் எங்கள் துறை விரிவுரையாளரும் கூட. அந்தப் பருவத்தில் மெய்ப்பகுப்பாய்வு உள்தேர்வில் நான் வாங்கிய மதிப்பெண் அவருக்கு நன்றாகவே தெரியும். ஒன்றும் பேசாமல் மூன்று கட்டுகளையும் எடுத்துக் கொண்டு போய்விட்டார். மறுநாள் துறைக்கு அழைத்து, "கணக்கு இருக்கிறது என்றாயே, எழுதிக் கொண்டு வா. எழுதினால் கட்டு உனக்கு. இல்லையென்றால் விடுதி அடுப்புக்கு" என்றார். இக்கட்டுரை பிறந்த கதை இதுதான். சீட்டு என்றாலே முகம் சுளிக்கும் நண்பர்களும் பேராசிரியப் பெருமக்களும் இதைப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

ஆட்டத்தின் தோற்றம்

நான் கூற வந்த ஆட்டத்தின் பெயர் 'மேஜிக் த கேதரிங்'. இதனைப் படைத்தவர் ரிச்சர்டு கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கக் கணித அறிஞர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேர்வியல் கணிதத்தில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்னும் நிறுவனம் 1993 ஆகஸ்டில் இதனை வெளியிட்டது. 1994இல் முதல் உலகப் போட்டி மில்வாக்கி நகரில் நடைபெற்றது. 1996 பிப்ரவரியில் நியூயார்க்கில் பரிசுப் பணத்துடன் கூடிய தொழில்முறைப் போட்டிகள் தொடங்கின.

நம் ஊர்ச் சீட்டுக்கட்டில் எல்லோருக்கும் அதே 52 சீட்டுகள்தாம். இவ்வாட்டத்திலோ ஒவ்வொருவரும் தம் கட்டைத் தாமே அமைத்துக் கொண்டு வர வேண்டும். ஆயிரக்கணக்கான வகைச் சீட்டுகளிலிருந்து குறைந்தது 60 சீட்டுகள் தேர்ந்தெடுக்கலாம். அடிப்படை நிலச் சீட்டுகள் நீங்கலாக, ஒரே பெயருள்ள சீட்டு நான்குக்கு மேல் இருத்தலாகாது. ஆகவே ஆட்டத்தின் பாதி, ஆடுவதற்கு முன்பே, கட்டு அமைக்கும்போதே நடந்து முடிந்துவிடுகிறது எனலாம்.

ஆடும் முறை சுருக்கமாக

இருவர் ஆடுவர். ஒவ்வொருவருக்கும் உயிர்ப்புள்ளி 20. தொடக்கத்தில் 7 சீட்டுகள் கையில் இருக்கும். பின்னர் முறைக்கு ஒன்றாக எடுக்க வேண்டும். ஒரு முறையில் ஒரு நிலச் சீட்டை மட்டுமே இறக்கலாம். நிலம் மந்திர ஆற்றலைத் தரும். அந்த ஆற்றலைச் செலவிட்டே வீரர்களையும் மந்திரங்களையும் இறக்க முடியும். எதிரியின் உயிர்ப்புள்ளியைச் சுழியாக்கினால் வெற்றி.

இங்கே நிகழ்தகவு நுழைகிறது. ஒரு கட்டில் 60க்கு 24 நிலங்கள் இருப்பதாகக் கொள்வோம். முதல் ஏழு சீட்டில் நிலமே வராமலோ ஒன்றே ஒன்று வந்தோ தவிக்கும் வாய்ப்பு 14.3 விழுக்காடு; அதாவது ஏறத்தாழ ஏழு ஆட்டத்திற்கு ஒன்று. நிலத்தைக் கூட்டினால் இத்தவிப்பு குறையும். ஆனால் போரிடும் சீட்டும் குறையும். உழவன் விதைநெல்லுக்கு ஒதுக்குவதும் உணவுக்கு ஒதுக்குவதும் போன்ற கணக்கு இது.

இன்னொன்று. நான்கு படிகள் வைத்த ஒரு சீட்டு முதல் ஏழில் ஒரு முறையேனும் வர வாய்ப்பு எவ்வளவு? ஏழை நான்கால் பெருக்கி 60ஆல் வகுத்து 46.67 விழுக்காடு என்று முதற்படியில் எழுதியிருந்தேன். ஐயா அதனைச் சிவப்பு மையால் அடித்து, "இது சராசரி எண்ணிக்கை, நிகழ்தகவு அன்று" என்று ஓரத்தில் குறித்தார். அந்தச் சீட்டு வரவே வராத வாய்ப்பைக் கண்டு ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். அவ்வாறு கண்டால் கிடைப்பது 39.95 விழுக்காடே. இரண்டு படிகள் சேர்ந்து வரும் கைகளைச் சராசரி இரண்டு முறை எண்ணிவிடுகிறது என்பதே வேறுபாட்டுக்குக் காரணம்.

தடுப்புக் கட்டு

போட்டிக் கட்டுகள் பலவாயினும் பெரும்பாலானவற்றை மூன்று குலங்களுக்குள் அடக்கலாம். முதலாவது தடுப்புக் கட்டு. இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, 1995 வாக்கில் பிரையன் வைஸ்மன் என்னும் கலிபோர்னியர் ஆடிய கட்டு. அதற்குத் தனிப்பெயரே கிடையாது. 'த டெக்', அதாவது 'கட்டு' என்றே உலகம் அழைத்தது.

அதன் உட்கருத்து சீட்டு மிகுதி என்பதாகும். என் ஒரு சீட்டு உன் ஒரு சீட்டை அழித்தால் இருவரும் சமம். என் ஒரு சீட்டு உன் ஐந்து சீட்டைப் பயனற்றதாக்கினால் நான் நான்கு சீட்டு முன்னே நிற்கிறேன். 'மோட்' என்னும் அகழிச் சீட்டை அவர் இறக்கிவிட்டால் பறக்காத வீரர் எவரும் தாக்க இயலாது. எதிரி கட்டில் உள்ள காலாட்கள் அனைவரும் வெறும் அட்டையாகி விடுவர். பின்னர் 'செர்ரா ஏஞ்சல்' என்னும் பறக்கும் தேவதை அகழியைக் கடந்து சென்று மெல்ல மெல்ல முடிப்பாள். அவ்வளவு பெரிய கட்டில் வெற்றிக்கென்று அவர் வைத்த தேவதைகள் இரண்டே. மற்றவை எல்லாம் தோற்காமல் இருப்பதற்கு!

விரைவுக் கட்டு

இரண்டாவது குலம் இதற்கு நேர் எதிர். 1996இல் அட்லாண்டாவில் நடந்த ஒரு தகுதிப் போட்டியில் பால் ஸ்லை என்பவர், ஜே ஷ்னைடர் வகுத்தளித்த சிவப்புக் கட்டை ஆடினார். அதில் 'அயர்ன்கிளா ஆர்க்ஸ்' போன்ற, யாரும் மதிக்காத எளிய வீரர்கள் இருந்தனர். பார்த்தவர் சிரித்திருக்கக் கூடும். எதிரில் அமர்ந்தவர் சிரிக்கவில்லை.

காரணம் எளிய கூட்டல்தான். முதல் முறையில் ஒரு நிலம், இரண்டாவதில் இரண்டு, பின் மூன்று, நான்கு. ஆக நான்கு முறைகளில் செலவிடக் கிடைக்கும் ஆற்றல் 1+2+3+4=10. நான்கு ஆற்றல் கேட்கும் பெரிய சீட்டுகளையே வைத்திருப்பவன் முதல் மூன்று முறைகளில் கைகட்டி அமர்ந்திருந்து, பத்தில் நான்கை மட்டுமே பயன்படுத்துகிறான். சிறு சீட்டுகளை அளவறிந்து கலந்து வைத்தவன் பத்தையும் பயன்படுத்துகிறான். சீட்டின் தரத்தில் இழந்ததைக் காலத்தில் மீட்டு விடுகிறான். ஓர் ஆற்றலுக்கு மூன்று புள்ளி அழிக்கும் 'லைட்னிங் போல்ட்' மின்னல் வேறு அவன் கையில் உண்டு.

இணைப்புக் கட்டு

மூன்றாவது குலம் போரையே பொருட்படுத்தாதது. தனித்தனியே பெரும்பயனற்ற சில சீட்டுகளை இணைத்து, ஒரே முறையில் ஆட்டத்தை முடிப்பது இதன் வழி. 1997இல் பாரிஸ் நகரில் நடந்த தொழில்முறைப் போட்டியில் மைக் லாங் இத்தகைய கட்டினால் முதலிடம் பெற்றார். ஒரு சீட்டு நிலத்தை அழித்து ஆற்றல் தரும்; ஒரு சீட்டு கையிலுள்ள சீட்டை ஆற்றலாக்கும்; ஒரு சீட்டு அந்த ஆற்றலைக் கொண்டு மேலும் சீட்டுகளைக் கொணரும். சக்கரம் சுழன்று முடிவில் 'டிரெய்ன் லைஃப்' என்னும் சீட்டால் எதிரியின் உயிர் முழுவதும் உறிஞ்சப்படும்.

அப்போட்டியைப் பற்றி ஒரு செய்தி சொல்லப்படுகிறது. லாங்கின் கட்டில் அந்த முடிவுச் சீட்டு ஒன்றே இருந்ததாம். ஆற்றல் தேவைப்பட்டு அதனையே அவர் செலவழித்து விட்டார். இன்னும் ஒன்று இருக்கும் என்று நம்பிய எதிரி, தோல்வியை ஒப்புக் கொண்டு எழுந்து விட்டாராம். கட்டில் இல்லாத சீட்டும் வெல்லும் போலும்!

ஆயின் எது சிறந்தது?

நான் முதலில் தடுப்புக் கட்டுச் செய்தேன். அறை நண்பனின் சிவப்புக் கட்டு அகழி வெட்டுவதற்கு முன்பே என்னை அடித்து முடித்தது. அதுவே சிறந்தது என்று நானும் சிவப்புக்கு மாறினேன். அடுத்த அறை நண்பன் இணைப்புக் கட்டுடன் வந்தான். நாங்கள் இருவரும் தோற்றோம். நான் இணைப்புக்கு மாறினேன். இன்னொருவன் நான் கைவிட்ட தடுப்புக் கட்டை எடுத்து, என் சக்கரத்தின் அச்சாணியை ஒவ்வொரு முறையும் பிடுங்கினான். ஒரு திங்கள் முழுவதும் நேற்று வென்ற கட்டையே நான் இன்று தூக்கிக் கொண்டு அலைந்தேன். அத்திங்களில்தான் அந்த உள்தேர்வும் வந்தது.

இதனைக் கணக்காக எழுதிப் பார்ப்போம். விரைவு தடுப்பையும், தடுப்பு இணைப்பையும், இணைப்பு விரைவையும் நூற்றுக்கு 60 முறை வெல்வதாகக் கொள்வோம். இவ்வெண்கள் விளக்கத்திற்காக நான் கொண்டவை. ஒரே குலத்தார் மோதினால் சரிபாதி. போட்டிக்கு வந்தோரில் பாதிப்பேர் விரைவு, 30 விழுக்காட்டினர் தடுப்பு, 20 விழுக்காட்டினர் இணைப்பு என்றால், விரைவுக் கட்டு எதிர்பார்க்கத்தக்க வெற்றி 51 விழுக்காடு, தடுப்புக்கு 47, இணைப்புக்கு 52. ஆகவே அன்று இணைப்பே சிறந்தது. இதனை அறிந்து அடுத்த வாரம் பாதிப்பேர் இணைப்புடனும் 20 விழுக்காட்டினர் மட்டும் விரைவுடனும் வந்தால்? இப்போது விரைவுக்கு 48, தடுப்புக்கு 53, இணைப்புக்கு 49. சென்ற வாரம் கடைசியில் நின்ற கட்டு இவ்வாரம் முதலில் நிற்கிறது. அதில் ஒரு சீட்டும் மாறவில்லை. கூடத்தில் அமர்ந்திருப்போர்தாம் மாறினர்.

மூன்று குலமும் மூன்றில் ஒரு பங்காக இருந்தால் மட்டுமே எல்லாக் கட்டுக்கும் சரியாக 50 வரும். அதுவே விளையாட்டுக் கோட்பாட்டில் சமநிலை எனப்படுவது. மனிதர் கூடும் இடத்தில் அச்சமநிலை நிலைப்பதில்லை. ஆதலால்தான் போட்டியாளர்கள் 60 சீட்டுகளுடன் 15 பக்கச் சீட்டுகளும் கொண்டு வருகின்றனர். முதல் ஆட்டத்தில் எதிரியின் குலத்தை அறிந்து, அடுத்த ஆட்டத்திற்கு முன் சீட்டுகளை மாற்றிக் கொள்ள விதி இடம் தருகிறது.

ஒரே குலத்தார் மோதும்போதும் ஒரு நுட்பம் உண்டு. 1999இல் மைக் ஃபுளோரஸ் என்னும் ஆட்டக்காரர் ஒரு கட்டுரையில் இதனை விளக்கினார்: இருவரில் ஒருவர் தாக்குபவர், மற்றவர் தாங்குபவர், தம் பங்கைத் தவறாகக் கணித்தவர் தோற்பார். என் தோல்விகள் பலவற்றுக்கு இதுவே காரணம் என்பதைப் பின்னரே உணர்ந்தேன். நீண்ட ஆட்டத்தில் நண்பனின் கட்டு வலிது என்று தெரிந்தும், எதிரியின் உயிரை நோக்கி எறிய வேண்டிய மின்னலை அவனுடைய சிறு வீரர்கள் மேல் எறிந்து கொண்டிருந்தேன்.

விலை என்னும் தடை

ஒன்றை மறைக்கலாகாது. இச்சீட்டுகள் விலைக்கு விற்கப்படுபவை. வைஸ்மன் காலத்துக் கட்டுகளில் இடம்பெற்ற 'பிளாக் லோட்டஸ்' என்னும் சீட்டின் முதற்பதிப்புப் படி ஒன்று 2021இல் 5,11,100 டாலருக்கு ஏலம் போயிற்று. கையால் எழுதிய சீட்டுகளை முறையான போட்டியில் ஏற்பதில்லை. ஆகவே செல்வம் உள்ளவனுக்கு ஒரு வாசல் கூடுதலாகத் திறந்திருக்கிறது என்பது உண்மை. ஆயினும் ஸ்லையின் கட்டு பெரும்பாலும் மலிவான சீட்டுகளால் ஆனது என்பதை நினைக்கும்போது எனக்கு ஓர் ஆறுதல். எங்கள் விடுதியிலோ அந்தக் கவலையும் இல்லை. அழைப்பிதழ் அட்டையில் எல்லாச் சீட்டும் ஒரே விலை.

முடிவுரை

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று வள்ளுவர் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். கட்டின் வலிமை ஒன்று. அது வேலை செய்யும் காலம் ஒன்று. அது இறங்கும் கூடம் ஒன்று. முதலாவதை மட்டும் பார்த்து 'எது சிறந்தது' என்று நான் கேட்டுக் கொண்டிருந்தேன். கேள்வியே குறைபட்ட கேள்வி. எங்கே, எப்போது, யாருக்கு எதிராக என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அதற்கு விடை உண்டு. படிப்பைத் தேர்வதிலும் தொழிலைத் தேர்வதிலும், நேற்று வென்றவரைப் பார்த்து இன்று ஓடும் நம் வழக்கத்துக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

மறுதேர்வில் தேறிய பிறகு கட்டுகள் திரும்பக் கிடைத்தன. கொடுக்கும்போது ஐயா கேட்டார்: "இப்போது விடுதியில் எந்தக் கட்டு அதிகம்?"

"சிவப்பு, ஐயா."

சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, இணைப்புக் கட்டை எடுத்து என் கையில் முதலில் வைத்தார்.