இழைமணியின் புள்ளியில்லாச் சுவடி

பழைய ஏட்டுச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எழுத்தாணியாற் குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று அஞ்சிய ஏடெழுதுவோர், புள்ளியைப் படிப்பவரின் அறிவுக்கே விட்டுவிட்டனர். பொருளறிந்தோர் தாமே துணிந்து புள்ளியிட்டு வாசித்தனர். இதனை ஒத்த ஒரு வழக்கம் ஆபிரிக்காவின் உறக்க நோய்க்குக் காரணமான ஒட்டுண்ணியின் உடலிலும் உண்டு. அங்கே விடுபட்ட எழுத்துகளை நிரப்ப வழிகாட்டுவன, தம்மளவில் எப்புரதத்தையும் ஆக்காத மிகச் சிறிய ஆர்.என்.ஏ. இழைகளாகும்.

திரிப்பனோசோமா புரூசை எனப்படும் இவ்வொட்டுண்ணி ஒரே கலத்தாலானது. செட்சி ஈ கடிக்கும்போது குருதியிற் புகுந்து, நாளடைவில் மூளையைச் சென்றடையும். மருந்து கிட்டாதவிடத்துப் பெரும்பாலும் உயிரைக் கொள்ளும். 2018 ஆம் ஆண்டு தொடக்கம் உலகிற் பதிவாகும் நோயாளர் தொகை ஆண்டொன்றுக்கு 1000 இற்கும் கீழே இறங்கியிருப்பது மருத்துவத்தின் பெரும் வெற்றியே. ஆயினும் இதன் உறவினங்கள் ஆபிரிக்கக் கால்நடைகளை இன்னும் வாட்டுகின்றன.

உணவிலிருந்து சத்தியைப் பெற்றுத் தரும் கலவுறுப்பை இழைமணி என்பர். அதற்குக் கருவிலுள்ளதைவிட வேறாகத் தனக்கென ஒரு டி.என்.ஏ. உண்டு. மனிதரின் இழைமணியில் அது சிறியதொரு வட்டம். இவ்வொட்டுண்ணியிலோ, சங்கிலிக் கண்ணிகள் ஒன்றோடொன்று கோத்துக் கிடப்பதுபோல ஆயிரக்கணக்கான வட்டங்கள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றுட் பெருவட்டங்கள் சில டசின் மட்டுமே. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 23,000 எழுத்துகள். மற்றவை ஏறத்தாழ 1000 எழுத்துகளே கொண்ட சிறுவட்டங்கள். இழைமணிப் புரதங்களுக்குரிய பரம்பரையலகுகள் பெருவட்டங்களில் உள்ளன. இத்தனை சிறுவட்டங்கள் எதற்கு என்பது நெடுங்காலம் விடுகதையாகவே இருந்தது.

பெருவட்டங்களைப் படித்தவர்களுக்கும் குழப்பமே மிஞ்சியது. ஒரு புரதத்துக்குரிய வாசகம் நடுவில் தடம் புரண்டு, அதற்கு மேற் பொருளின்றிப் போயிற்று. 1986 ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் ரொப் பென்னேயும் உடனாய்வாளரும் அப்பரம்பரையலகின் ஆர்.என்.ஏ. படியை எடுத்துப் பார்த்தபோது, மூலத்தில் இல்லாத நான்கு ‘யூ’ எழுத்துகள் படியில் இருக்கக் கண்டனர். அந்நான்கினால் வாசகம் நேராயிற்று. பிழையற்ற வேறொரு மூலம் எங்கேனும் ஒளிந்திருக்குமோ என்று தேடினர், கிடைக்கவில்லை. டி.என்.ஏ. சொல்வதை ஆர்.என்.ஏ. அப்படியே சொல்லும் என்று நம்பியிருந்த அறிஞருலகம் இதனை எளிதில் ஏற்கவில்லை. ஆனால் 1988 இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரிற் கெனெத் ஸ்டூவர்ட் குழுவினர் கண்டது இதனினும் விந்தையானது. அவர்கள் ஆராய்ந்த படியிற் பாதிக்கு மேல் பின்னர் இடப்பட்ட எழுத்துகளே. 547 ‘யூ’ சேர்க்கப்பட்டும் 41 ‘யூ’ நீக்கப்பட்டும் இருந்தன. மூலத்தைப் பார்த்தவர் அது பரம்பரையலகு என்றே அடையாளங் கண்டிருக்க மாட்டார்.

இத்தனை திருத்தங்களையும் எங்கே செய்வது என்பது கலத்துக்கு எவ்வாறு தெரிகின்றது? 1990 ஆம் ஆண்டில் லாரி சிம்சனின் குழுவினர், பல்லியின் உடலில் வாழும் லீஷ்மானியா இனமொன்றில் இதற்கு விடை கண்டனர். (இதன் நெருங்கிய உறவான லீஷ்மானியா டொனோவானி, மணல் ஈயினாற் பரவி இலங்கையிலே தோற்புண்ணை விளைவிப்பது.) அவர்கள் கண்டவை ஐம்பது முதல் எழுபது எழுத்துகளே கொண்ட சிற்றிழைகள், வழிகாட்டி ஆர்.என்.ஏ. என அவை பெயர் பெற்றன. சிற்றிழையின் ஒரு முனை படியோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தி நங்கூரம்போற் பிடித்துக்கொள்ளும். அதற்கப்பால் இரண்டும் பொருந்தாது விலகும் இடமே திருத்தம் வேண்டிய இடம். நொதியமொன்று படியை அங்கே வெட்டும். மற்றொன்று சிற்றிழை காட்டும் அளவுக்கு ‘யூ’ சேர்க்கும் அல்லது நீக்கும். பிறிதொன்று வெட்டை ஒட்டும். இவ்வேலை வாலிலிருந்து தலைநோக்கி நடைபெறுகின்றது. ஒரு சிற்றிழை திருத்தி முடித்த பகுதியிலேதான் அடுத்த சிற்றிழை நங்கூரமிட முடியும். ஆகவே இடையில் ஒன்று இல்லாவிடினும் வேலை அவ்விடத்திலேயே நின்றுவிடும். இச்சிற்றிழைகளிற் பெரும்பாலானவை எங்கிருந்து வருகின்றன என்று ஆராய்ந்தபோது பழைய விடுகதையும் அவிழ்ந்தது: அவற்றை எழுதித் தருபவை சிறுவட்டங்களே.

தாவரங்களின் இழைமணியிலும் பச்சையவுருமணியிலும் கூட எழுத்துத் திருத்தம் உண்டு. ஆனால் அங்கே ஓரெழுத்து இன்னோரெழுத்தாக மாற்றப்படுகின்றது, இடங்காட்டுவனவும் புரதங்களே. ஆதலால் அதனை இதனோடு சேர்த்து எண்ணலாகாது.

மூலம் ஓரிடத்திலும் திருத்தக் குறிப்பு வேறிடத்திலும் இருப்பது ஆபத்தான ஏற்பாடாகும். சிறுவட்டங்களுட் சில தொலைந்தால் பெருவட்டத்தின் பரம்பரையலகு இருந்தும் இல்லாததாகும். ஈயின் உடலில் வாழும் பருவத்தில் ஒட்டுண்ணி இழைமணியின் சத்தியையே நம்பியிருக்கின்றது. குருதியிலோ வெல்லத்தைக் கொண்டே காலங்கழிக்கலாம். அங்கும் திருத்தம் பெற்ற புரதங்களுட் சில, சிறப்பாக ஏ.ரீ.பி. ஆக்கும் நொதியத்தின் ஓர் உறுப்பு, இன்றியமையாதன. ஆனால் கருவிலுள்ள பரம்பரையலகொன்றில் ஒரேயோர் அமினோ அமிலம் மாறினால் அத்தேவையும் நீங்கிவிடும்.

இயற்கையில் இது நடந்தே இருக்கின்றது. 1880 ஆம் ஆண்டில் கிரிபித் எவன்ஸ் என்னும் கால்நடை வைத்தியர், பஞ்சாபிலே நோயுற்ற குதிரை, ஒட்டகங்களின் குருதியில் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டார். அது பெருவட்டங்களை முற்றாக இழந்த இனம். செட்சி ஈயினுள் அதனால் வளர இயலாது. எனினும் சாதாரணக் கடியீக்களின் வாயில் ஒட்டியே விலங்கு விட்டு விலங்கு தாவக்கூடியதாகையால், செட்சி ஈ இல்லாத ஆசியாவிலும் தென்னமெரிக்காவிலும் பரவியுள்ளது. சுர்ரா என்னும் அந்நோய் இன்றும் குதிரை, ஒட்டகம், எருமை வளர்ப்போரின் கவலையாகும்.

மருந்துக்கும் இதிற் பங்குண்டு. 1950 களிலிருந்து ஆபிரிக்கக் கால்நடைகளுக்கு ஏற்றப்பட்டுவரும் ஹோமிடியம், இவ்வட்டங்கள் பெருகுவதைத் தடுத்தே ஒட்டுண்ணியைக் கொல்கின்றது. வட்டங்களே வேண்டாம் என்று வாழப் பழகிய ஒட்டுண்ணியை அத்தகைய மருந்து என் செய்யும்? மேற்கூறிய ஒரேயொரு மாற்றத்தைப் பெற்ற ஒட்டுண்ணிகள் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளை எதிர்த்து நிற்பதை ஆய்வுகூடத்திற் கண்டுள்ளனர்.