மோட்டோகிராஸ் குவாட் அமைப்பு

மோட்டோகிராஸ் குவாட் அமைப்பு என்பது நான்கு சக்கர விளையாட்டு வண்டி (குவாட்) ஒன்றை, மேடுகளும் தாவல்களும் வளைவுகளும் கொண்ட மண் தடப் போட்டிக்கு ஏற்ப மாற்றியமைப்பதாகும். 1999 ஆம் ஆண்டு அறிமுகமான ஹோண்டா டிஆர்எக்ஸ்400ஈஎக்ஸ் இவ்வாறு மாற்றப்படும் பழைய வண்டிகளுள் ஒன்று. இது 397 கன செமீ கொள்ளளவுள்ள, காற்றால் குளிர்விக்கப்படும் நான்கு வீச்சுப் பொறி உடையது.

அகலமும் உயரமும்

இருசக்கர வண்டியைப் போல் குவாட் வளைவில் உட்புறமாகச் சாய்வதில்லை. எனவே வேகமாகத் திரும்பும்போது அது வெளிப்புறமாகக் கவிழக்கூடும். சக்கர இடைவெளி கூடினாலும் ஈர்ப்பு மையம் தாழ்ந்தாலும் இவ்வாய்ப்பு குறைகின்றது. இதற்காக முன்புறம் நீண்ட ஏ வடிவக் கரங்களும், பின்புறம் நீண்ட அச்சும், சிறிய டயர்களும் பொருத்தப்படுகின்றன. மொத்த அகலம் பொதுவாக 50 அங்குலத்தை (127 செமீ) ஒட்டி அமைகின்றது.

அதிர்வுத் தாங்கிகள்

கரம் நீளும்போது நெம்புகோல் விளைவால் அதிர்வுத் தாங்கியின் (ஷாக் அப்சார்பர்) மீதான விசை கூடுகின்றது. பழைய சுருள்வில்லையே விட்டுவைத்தால், தாவி இறங்கும்போது அது முழுவதும் அமுங்கி அடிபடும். ஆகவே கரங்களுக்கும் ஓட்டுநரின் எடைக்கும் பொருந்தும் தாங்கிகள் தேவை.

பாதுகாப்பு

பழைய வண்டியில் சட்டத்தின் பற்றவைப்பு இணைப்புகளில் விரிசல் உள்ளதா என்பதும், தாங்குருளைகளின் (பேரிங்) தேய்மானமும் முதலில் சோதிக்கப்படுகின்றன. பக்கக் காப்புக் கம்பிகள், ஓட்டுநரின் கால் பின்சக்கரத்தில் சிக்காமலும் பிற வண்டியின் சக்கரம் உள்நுழையாமலும் தடுக்கின்றன. ஓட்டுநரின் மணிக்கட்டுடன் கயிற்றால் பிணைக்கப்பட்ட நிறுத்தி, அவர் விழுந்தவுடன் பொறியை அணைக்கின்றது. இவை சீரான பின்னரே பொறியின் திறனைக் கூட்டுவது பயன்தரும்.